சிந்துவெளிக் குறிகளும் கணிப்பொறிக் கணக்கும்

சிந்துவெளி எழுத்தைப்பற்றிய செய்தி பத்திரிகைகளில் வருந்தோறும் தமிழ் மக்களிடையே ஒருவகை மனவெழுச்சி தோன்றுவது இயல்பு. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அவ்வெழுத்தின் பொருளை விளங்கக் காட்டுவோர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசளிக்கப்படுமெனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அச்செய்தி வந்த வாரத்திற் புறக்கோட்டைக் கடையொன்றில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "அது தமிழென்று கொம்பியூட்டரே முன்னம் சொல்லிப்போட்டுதே, பிறகென்ன பரிசு, மாஸ்டர்?" என்று என்னை வினாவினார். அவர் கருத்திற் கொண்டது 2009ஆம் ஆண்டு வெளிவந்து, உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் பேசப்பட்ட ஓர் ஆராய்ச்சியை. கணிப்பொறி அவ்வாறு சொன்னதில்லை. அது சொன்னது யாது, எந்நிபந்தனைகளின்கீழ்ச் சொன்னது, அந்நிபந்தனைகள் எங்கே எழுதப்பட்டுள்ளன என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறி எண்ணுவதிற் பிழை செய்யாது என்பர். அது பெரும்பாலும் உண்மையே. ஆயின் எதனை ஒன்றென எண்ணவேண்டும் என்பதை யாரேனும் அதற்குச் சொல்லியாக வேண்டும். என் வகுப்பு மாணவர் மூவரிடம், புறக்கோட்டை என்னுஞ் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளனவெனக் கணிப்பொறியைக்கொண்டு கண்டு எழுதுமாறு ஒருமுறை பணித்தேன். ஒருவன் 6 என எழுதினான். மற்றொருவன் 11 என எழுதினான். மூன்றாமவன் 12 என எழுதினான். மூவரும் உண்மையே எழுதினர். முதல்வன் நம் இலக்கணப்படி பு, ற, க், கோ, ட், டை என எண்ணுமாறு பொறியைப் பணித்திருந்தான். இரண்டாமவன் யூனிக்கோட் என்னும் உலகக் குறிமுறையின்படி எண்ணுவித்தான். அம்முறையில் உகரக் குறியும் மெய்யின் புள்ளியும் ஓகாரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனி எண்ணப்படும். மூன்றாமவன் எடுத்துக்கொண்ட பிரதியிலோ ஓகாரக் குறி ஒன்றாகச் சேமிக்கப்படாது, இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தது. திரையிற் பார்ப்பார்க்கு மூன்று சொல்லும் ஒன்றே. விடைத்தாளில் விடை மட்டும் இருந்தது. எண்ணிய முறை எழுதப்படவில்லை. எவனுக்குப் புள்ளியிடுவது, எவனுக்கு மறுப்பது எனத் தெளியாது மூவரையும் அழைத்து வினாவவேண்டியதாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிப்போர்க்கு அவ்வாறு அழைத்து வினாவும் வாய்ப்பு இல்லை.

பள்ளி மாணவரின் இச்சிறு குழப்பம் பெரிய ஆய்வுகூடங்களிலும் நேர்ந்துள்ளது. மூளையின் காந்தப் பிம்பங்களிலிருந்து அதன் பகுதிகளின் கனவளவைக் கணிக்கும் ஃபிரீசேர்ஃபர் என்னும் மென்பொருளை நெதர்லாந்து ஆய்வாளர் சோதித்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிம்பங்கள் ஒன்றே, மென்பொருளும் ஒன்றே, அதன் பதிப்பு மட்டும் மாறியது. பெறப்பட்ட கனவளவு சராசரியாக 8.8 விழுக்காடு வேறுபட்டது. கணிப்பொறியின் வகையையும் அதன் இயக்க முறைமையின் பதிப்பையும் மாற்றியபோது, ஏறத்தாழ அதிற் பாதியளவு வேறுபாடு தோன்றிற்று. நோயாளியின் மூளையிற் சில விழுக்காட்டுச் சுருக்கத்தை நோயின் அடையாளமாகக் கொள்ளும் ஆய்வுக்கு இவ்வளவு வேறுபாடு சிறியதன்று.

இரசாயன ஆய்வுகூடத்தில் வெப்பநிலையும் கரைசலின் செறிவும் குறியாத மாணவனின் குறிப்பேட்டை ஆசிரியர் திருப்பிக் கொடுப்பார். கணிப்பொறி ஆய்வில் அவற்றிற்கு இணையானவை யாவை? எடுத்துக்கொண்ட தரவு யாது, அதிலிருந்து எவை நீக்கப்பட்டன, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, அதில் எவ்வெப் பரமானங்களுக்கு எவ்வெப் பெறுமானங்கள் இடப்பட்டன, எழுந்தமான எண்கள் வேண்டப்படின் அவை எந்த வித்தெண்ணிலிருந்து தொடங்கின என்பனவாம். இறுதியாகச் சொன்னது பலர்க்கும் வியப்பளிக்கலாம். கணிப்பொறி தரும் எழுந்தமான எண் உண்மையில் எழுந்தமானமானதன்று. ஒரே வித்தெண்ணைக் கொடுத்தால், ஏனைய யாவும் மாறாதிருக்கும்வரை, ஒரே வரிசையே மீண்டும் வரும். வித்தெண்ணைக் குறித்துவைத்தவன் தன் விளைவை நாளையும் பெறுவான். குறியாதவன் அதனை ஒத்த வேறொன்றையே பெறுவான். இவை யாவற்றையும் சேர்த்து ஈண்டு இயக்கக் குறிப்பு என வழங்குவோம். நாலாம் குறுக்குத் தெருவில் மூடை நிறுப்போர்க்கு இது புதிய செய்தியன்று. சாக்கின் நிறை கழித்ததோ கழியாததோ என்று கேளாமல் அங்கு எவரும் விலை பேசுவதில்லை.

இனிச் சிந்துவெளிக்கு வருவோம். அங்குக் கிடைத்த முத்திரைகளையும் பிற பொறிப்புக்களையும் ஆராய்ந்தோருள் ஐராவதம் மகாதேவனுக்குத் தனியிடம் உண்டு. 1930இற் பிறந்து 2018இல் மறைந்த அவர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர்; தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களுக்குத் தெளிவான வாசிப்புத் தந்தவர். 1977இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை அவருடைய சிந்துவெளி எழுத்துப் பாடங்களையும் குறியடைவையும் அட்டவணைகளையும் தன் நினைவேட்டு வரிசையின் 77ஆம் நூலாக வெளியிட்டது. கணிப்பொறியின் துணைகொண்டு ஆக்கப்பட்ட அந்நூலில் 2906 பொருள்களின்மேல் உள்ள 3573 வரிகள் தரப்பட்டுள்ளன. அவ்வரிகளில் 417 வெவ்வேறு குறிகள் மொத்தம் 13,372 முறை வருகின்றன. சாடி போன்ற வடிவுடைய 342ஆம் குறி மட்டும் 1395 முறை, அதாவது பத்தில் ஒன்றுக்குச் சிறிது மேலாக, வருகின்றது.

அந்நூலைப் படிப்பது கதை படிப்பது போன்றதன்று. பக்கம் பக்கமாகக் குறிகளும் எண்களுமே. ஆயினும் ஆராய்ச்சி நேர்மை என்பது எவ்வாறு இருக்கும் என மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியன் அதனைக் காட்டலாம். ஒவ்வொரு பொறிப்புக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணின் முதலிலக்கமே அது கிடைத்த இடத்தை உணர்த்தும். 7 எனத் தொடங்குவது லோத்தலைச் சார்ந்தது. 8 எனத் தொடங்குவது காலிபங்கனைச் சார்ந்தது. பொருள் முத்திரையா, தகடா, மட்பாண்டமா என்பதும், அதன்மேல் உள்ள விலங்குருவம் யாதென்பதும் தனிக் குறியீடுகளால் அறிவிக்கப்படுகின்றன. ஐயத்திற்குரிய குறி ஐயத்திற்குரியது என்றே அடையாளமிடப்பட்டுள்ளது. சிதைந்த இடம் சிதைந்தது என்றே காட்டப்பட்டுள்ளது. தாம் விரும்பும் வாசிப்புக்கு ஏற்றவாறு அவ்விடங்களை நிரப்பும் ஆசை எத்துணை வலியது என்பதை ஓலைச்சுவடி படித்தவர் அறிவர்.

எழுத்தின் திசையை அவர் கையாண்ட விதம் இன்னும் கருதத்தக்கது. காலிபங்கனில் கிடைத்த மட்பாண்ட ஓடுகளிற் கீறல்கள் ஒன்றின்மேலொன்று ஏறிச் செல்லும் முறையைக்கொண்டு, எழுதியவர் கை வலமிருந்து இடமாகச் சென்றதென பி. பி. லால் 1966இற் காட்டினார். மகாதேவன் தம் நூலில் 3573 வரிகளையும் சோதித்து, 2974 வரிகள், அதாவது 83 விழுக்காடு, வலமிருந்து இடமாகவும், 235 வரிகள் இடமிருந்து வலமாகவும் செல்வன எனக் கணக்கிட்டார். எஞ்சியவற்றுள் ஒற்றைக் குறியுடையனவும் திசை துணியமுடியாதனவும் அடங்கும். ஒப்பிடுதற்கு எளிதாக எல்லா வரிகளையும் ஒரே திசையில் அச்சிட்ட அவர், எந்த வரி எத்திசையில் எழுதப்பட்டதெனக் கொண்டார் என்பதையும் குறித்தே வைத்தார். அவருடைய முடிபை ஏலாதவன் அவ்வரியை மட்டும் திருப்பிவைத்து மீள எண்ணலாம். நூலாசிரியர் தம்மை மறுப்பவன் கையிலும் கருவியைக் கொடுத்துவிட்டார்.

இக்குறிப்புக்கள் எதற்கு இத்துணை இன்றியமையாதன? குறிகளின் தொகையே எழுத்தின் வகையைத் தீர்மானிப்பதனால் என்க. ஓர் எழுத்துமுறையில் இருபது முப்பது குறிகளே உளவெனின் அது ஒலியெழுத்தாதல் கூடும். நூற்றளவில் உளவெனின் அசையெழுத்தாதல் கூடும். பல நூறு உளவெனின் சொல்லையும் அசையையும் கலந்து குறிப்பதெனக் கொள்ளவேண்டும். மகாதேவனின் தொகை 417. பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலாவின் தொகை 400ஐ அண்மியது. பிரையன் வெல்ஸ் 600க்கு மேலென எண்ணினார். எஸ். ஆர். ராவ் 1982இல் வெளியிட்ட நூலிற் கூட்டுக் குறிகளை உடைத்து, அடிப்படைக் குறிகள் 62 என்றளவுக்குக் குறைத்து, அவற்றை ஒலியெழுத்தாகக் கொண்டு ஆரிய மொழியாக வாசித்தார். எல்லாரும் எடுத்துக்கொண்டவை அதே முத்திரைகளே. மீனின் மேல் ஒரு கூரை வரையப்பட்டிருந்தால் அது புதிய குறியா, மீனும் கூரையும் ஆகிய இரு குறிகளா என்னும் ஒரு வினாவுக்கு இருவர் தரும் இருவகை விடையிலிருந்து திராவிடமும் ஆரியமும் பிரிந்து செல்லக் காண்கின்றோம். இவ்வினாவிற்கு எவ்வாறு விடை கொண்டார் என்பதை ஆசிரியர் எழுதிவையாவிடின், அவர் முடிபை நம்புவதற்கோ மறுப்பதற்கோ நமக்கு வழியில்லை.

2009ஆம் ஆண்டின் ஆராய்ச்சி இவ்வடைவின்மீது எழுந்ததே. ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாகியா, ஹிருஷிகேஷ் ஜோக்லேகர், ரணஜய் அதிகாரி ஆகியோரும் மகாதேவனும் சேர்ந்து சயன்ஸ் என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் அதனை வெளியிட்டனர். அச்சிட்ட பகுதி ஒரே பக்கம். அவர்கள் அளந்தது நிபந்தனை எந்திரப்பி என்பது. 1948இல் குளோட் ஷனன் வகுத்த கொள்கையைச் சார்ந்த அவ்வளவைத் தமிழிலக்கணம் கற்றவர்க்கு விளக்குதல் எளிது. க், ச், த், ப் என்னும் மெய்கள் தம்மொடு தாமே மயங்கும் என்பது தொல்காப்பிய நூன்மரபு. எனவே தனித்தமிழ்ச் சொல்லின் நடுவே க் என்பதைக் கண்டால், அடுத்து வருவது ககர வருக்கமே என முன்னரே அறிவோம்; அறியாமைக்கு அங்கு இடமே குறைவு. ட் என்பதன்பின் டகரமும் வரலாம். க, ச, ப என்பனவும் வரலாம். அறியாமை சிறிது கூடுகின்றது. உயிர்மெய் ஒன்றின்பின் வரக்கூடியவை பல; அறியாமை பெரிது. இவ்வாறு ஒரு குறியைக் கண்டபின் அடுத்த குறியைப்பற்றி எஞ்சும் அறியாமையைச் சராசரியாக அளப்பதே அவ்வளவை. மொழிகளில் அது மிகக் குறைவாகவும் இராது, மிகக் கூடுதலாகவும் இராது என்பது அவர்கள் கருதுகோள். சிந்துவெளிக் குறிகளின் அளவை, சுமேரியம், பழந்தமிழ், இருக்குவேதச் சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றின் அளவைகளோடும், மனித மரபணு, பற்றீரியப் புரதம், ஃபோர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழி ஆகியவற்றின் அளவைகளோடும் அவர்கள் ஒப்பிட்டனர். சிந்துவெளிக் குறிகள் மொழிகளின் அணியில் விழுந்தன. எனவே அவை ஒரு மொழியைக் குறிப்பதற்கான வாய்ப்புக் கூடுகின்றது என்பதே அவர்கள் முடிபு. எந்த மொழி என்பதைப்பற்றி அக்கணக்கு யாதுஞ் சொல்லவில்லை.

அக்கட்டுரையில் ஒரு வாக்கியம் நம்மவர் பலரின் மகிழ்ச்சிக்குக் காரணமாயிருத்தல் கூடும். சிந்துவெளிக் குறிகளின் ஒப்பளவை சுமேரியத்துக்கும் பழந்தமிழுக்கும் மிக அண்மையில் நிற்கின்றது என்பதே அது. அண்மை என்றதும் உறவு என்று கொள்வது மனித இயல்பு. ஆயின் அதே வாக்கியம் மேலுஞ் செல்கின்றது: அவ்வளவை ஆங்கிலச் சொற்களின் அளவைக்கும் ஆங்கில எழுத்துக்களின் அளவைக்கும் இடைப்பட்டது எனச் சொல்கின்றது. ஆங்கிலம் ஒன்றே. அதனைச் சொற்சொல்லாக எண்ணினால் ஓரிடத்திலும், எழுத்தெழுத்தாக எண்ணினால் வேறோரிடத்திலும் அது நிற்கின்றது. சிந்துவெளி இரண்டுக்கும் நடுவே உள்ளது. அளவை காட்டுவது மொழிக் குடும்பத்தையன்று. எதனை ஓர் அலகாகக் கொண்டோம் என்பதும் அதிற் கலந்து நிற்கின்றது. பழந்தமிழ் அங்கே உயிர்மெய்யை ஒன்றாகக் கொண்டு எண்ணப்பட்டது. என் இரண்டாம் மாணவன் செய்ததுபோல உயிர்க்குறியையும் புள்ளியையும் பிரித்து எண்ணியிருப்பின் அதன் அளவையும் இடம்பெயர்ந்திருக்கும். கட்டுரையாசிரியர்கள் அலகு இன்னதெனச் சொல்லியே உள்ளனர். செய்தியாக மாறும்போது அச்சொற்கள் உதிர்ந்தன.

இன்னொன்று: மகாதேவனின் அடைவு முழுவதும் அக்கணக்கிற் சேரவில்லை. ஐயமான குறியுடையவை, சிதைந்தவை, எவ்வரி முன் எவ்வரி பின் எனத் தெரியாத பலவரிப் பொறிப்புக்கள் ஆகியவை நீக்கப்பட்டன. ஒரே வாசகம் பலமுறை வரின் ஒன்றுமட்டும் கொள்ளப்பட்டது. எஞ்சியவை 1548 பொறிப்புக்கள். அவற்றுள் வருவன 377 குறிகள். குறிகள் வரும் மொத்தத் தடவை ஏறத்தாழ 7000. நீக்கியவற்றிற்கு நல்ல காரணம் உண்டு. அரப்பாவிற் கிடைத்த சிறு தகடுகளில் ஒரே வாசகம் பல படிகளாக வருவதால், அவற்றைச் சேர்த்து எண்ணினால் ஒரு வாசகமே மொழியின் இயல்பாகத் தோன்றிவிடும். ஆயினும் மூலத்தின் பாதிக்குச் சிறிது கூடிய பகுதியே எண்ணப்பட்டது என்பதை மறத்தலாகாது.

மேலும், 377 குறிகளை இவ்விரண்டாக இணைத்தால் 1,42,129 இணைகள் உண்டாகும். ஏழாயிரம் குறிகளுள்ள தரவில் அவற்றுட் பெரும்பாலானவை ஒருமுறையேனும் வரவியலாது. வாராத இணை மொழியில் இல்லாததா, நமக்குக் கிடையாததா? இரண்டையும் வேறுபடுத்தமுடியாமையால், வாராத இணைகளுக்கும் சிறிது வாய்ப்பைப் பகிர்ந்தளிக்கும் ஒப்புரவாக்கல் முறை ஒன்றைக் கையாளவேண்டும். அதற்கு முறைகள் பல உள. அவர்கள் நேசர், நேய் என்னும் இருவர் பெயரால் வழங்கும் முறையின் திருத்திய வடிவைக் கையாண்டனர். முறை மாறின் எண் மாறும். எவ்வளவு மாறும் என்பதை அறிய விரும்புவோன் முறையின் பெயரைத் தெரிந்திருத்தல் வேண்டும். பெயர் எழுதப்பட்டிருந்தது, ஆயின் ஒரு பக்கக் கட்டுரையில் அன்று, அதனோடு இணைத்த பின்னிணைப்பில். ஆராய்ச்சியின் உயிர்நாடியானவை பின்னிணைப்புக்குச் செல்ல, வரைபடம் மட்டும் முன்னால் நிற்கும் இவ்வழக்கம் நல்லதன்று என்பது என் கருத்து. வரைபடத்தைக் கண்டவர் பல்லாயிரவர். பின்னிணைப்பைத் திறந்தவர் எத்தனை பேர்?

திறந்து பார்த்தோருள் ஒருவர் றிச்சட் ஸ்புரோட். அவர் ஸ்டீவ் பாமர், மைக்கேல் விட்செல் என்போருடன் சேர்ந்து 2004இல், சிந்துவெளிக் குறிகள் எழுத்தே அல்ல, மொழியைக் குறியாத சின்னங்கள் என வாதித்தவர். தமிழ் வாசகர்க்கு அவர் பெயர் இனியதன்று. ஆயினும் 2010இல் அவர் எழுப்பிய கண்டனம் கூரியது. ஒப்பீட்டில் மொழியல்லாதவை எனக் காட்டப்பட்ட இரு முக்கிய வகைகள் கணிப்பொறியாற் புனையப்பட்டவை: ஒன்றில் எக்குறியின்பின்னும் எக்குறியும் சமவாய்ப்புடன் வரும், மற்றதில் ஒரு குறியின்பின் இன்னதே வரும். உலகில் மனிதர் உண்மையாக வழங்கும் சின்னமுறைகள் இவ்விரு எல்லைகளிலும் நில்லாது நடுவே நிற்கக்கூடுமே என்பது அவர் வினா. பின்னர் 2014இல் அவர் பிக்திய மக்களின் கற்சின்னங்கள், வட அமெரிக்கக் குலக்கம்பங்கள், வானிலைக் குறிகள், பென்சில்வேனியாக் களஞ்சியச் சுவர்களில் வரையும் விண்மீன் கோலங்கள் முதலியவற்றைத் தொகுத்து அளந்து, மொழியையும் மொழியல்லாததையும் பிரிக்க இவ்வளவை போதாது என்றார். நம் வாயிற் கோலத்தையும் யாரேனும் அளந்து பார்க்கலாம்போலும். ராவும் உடனாய்ந்தோரும் இருமுறை மறுமொழி எழுதினர். எந்திரப்பி மட்டும் போதும் எனத் தாம் கூறவில்லை. பிற சான்றுகளோடு சேர்த்துக் கொள்ளவேண்டும் என்பதே தம் நிலை என்றனர்.

இவ்வழக்கில் யார் வென்றார் என்று தீர்ப்புக் கூற யான் தகுதியுடையேன் அல்லேன். ஆனால் வழக்கு நடந்த முறையைப்பற்றி ஒன்று சொல்லலாம். புனைந்த ஒப்பீட்டுத் தரவு எவ்வாறு புனையப்பட்டதென எழுதப்பட்டிருந்தமையாலேயே ஸ்புரோட் அதனைக் குறிவைத்து மறுக்க முடிந்தது. எழுதாது விட்டிருந்தால் வழக்கு இருதரப்பாரின் மானப் போராகவே முடிந்திருக்கும். மகாதேவன் திராவிடச் சார்பினர்; ஸ்புரோட் அது எழுத்தே அன்று என்பவர். இருவரும் 417 குறிகளின் அடைவை மேசைமேல் வைத்து வாதித்தனர். நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த வாசிப்புக்கள் பல இன்று எடுப்பாரின்றிக் கிடக்க, ஒரு வாசிப்பையும் கூறாத அவ்வடைவு இன்றும் கையாளப்படுகின்றது. 2007இற் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தோன்றிய சிந்துவெளி ஆய்வு மையமும் அதனை மூலமாகக் கொண்டே வளர்ந்தது.

அவ்வடைவிலும் குறையில்லை என்று சொல்லமாட்டேன். குறிகள் அங்கே ஒழுங்குபடுத்திய ஒரே வடிவில் அச்சிடப்பட்டுள்ளன. கோடு சிறிது வளைந்த மீனும் நேரான மீனும் ஒரே எண்ணைப் பெற்று ஒரே மீனாக நிற்கின்றன. குறிவடிவங்களின் பேதப்பட்டியல் ஒன்று உண்டாயினும், எந்தப் பேதம் ஏன் ஒன்றோடு சேர்க்கப்பட்டது, ஏன் மற்றொன்றிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதற்குக் குறிதோறும் காரணம் எழுதப்படவில்லை. இது சிறு குறையன்று. 62க்கும் 600க்கும் இடையிலுள்ள தூரம் முழுவதும் இவ்விடத்திலேயே கிடக்கின்றது. 1987இலும் 1991இலும் பார்ப்போலாவும் இந்திய, பாகிஸ்தானிய அறிஞரும் முத்திரைகளின் ஒளிப்படத் தொகுதிகளை வெளியிட்டபின்னரே, மகாதேவன் சேர்த்தவற்றையும் பிரித்தவற்றையும் ஏனையோர் தம் கண்ணாற் கண்டு ஒப்பிடும் வாய்ப்புப் பெருகியது. எண்ணை மட்டும் கொண்டு கணிக்கும் மென்பொருளுக்கு இப்பேதம் தெரியாது. அது 59ஆம் எண்ணைக் காணும், மீனைக் காணாது.

இவ்வொழுக்கம் மேனாட்டிலிருந்து வந்தது என எண்ணுவோர்க்கு நம் பதிப்பாசிரியர்களை நினைவூட்டலாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, ஏடு தேடிய வரலாற்றையும் ஏடுகள் இருந்த நிலையையும் முன்னுரையில் எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பிரதிகளைப்பற்றிய விவரத்தையும் பிரதிபேதங்களையும் தந்தார். தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, கொள்ளாத பாடத்தை அடிக்குறிப்பில் வைத்த அச்செயலால், நூறாண்டுக்குப்பின் வந்தவரும் அவரோடு மாறுபட முடிகின்றது. பேதங்காட்டாது வந்த பதிப்புக்கள் பல உள. அவற்றின் பாடம் எங்கிருந்து வந்ததென இன்று எவராலும் சொல்லமுடியாது. ஏட்டைச் செல் அரித்ததுபோல, மென்பொருளின் பழம்பதிப்பையும் சில ஆண்டுகளில் இயக்கமுடியாமற் போகின்றது. ஆதலாற் குறிப்பின் தேவை கூடியதேயன்றிக் குறையவில்லை.

முதலிற் கூறிய 2025ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். பரிசு அறிவிக்கப்பட்ட அதே நாளில், தமிழ்நாட்டு மட்பாண்டங்களிலுள்ள கீறற்குறிகளையும் சிந்துவெளிக் குறிகளையும் ஒப்பிட்டு கா. ராஜன், ர. சிவானந்தம் ஆகிய இருவரும் எழுதிய நூலைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான ஓடுகளைத் தொகுத்து வகைப்படுத்திய அம்முயற்சி பெரிது. கீறற்குறிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை சிந்துவெளிக் குறிகளுக்கு ஒப்பானவை என்னும் எண் அதிலிருந்து எடுக்கப்பட்டு எங்கும் பரவிற்று. நூலில் அக்குறிகள் 42 அடிப்படைக் குறிகளாகவும், அவற்றின் பேதங்கள் 544 ஆகவும், கூட்டுக் குறிகள் 1521 ஆகவும் பகுக்கப்பட்டுள்ளன. இங்கே வாசகர் கேட்கவேண்டிய வினா எளியது. தொண்ணூறு விழுக்காடு என்பது 42இலா, 2107இலா, ஓடுகளின் தொகையிலா? ஒப்பு என்பது முற்றும் ஒத்ததா, ஒரு கோடு கூடினும் குறையினும் ஒத்ததாகக் கொண்டதா? ஒரு குறுக்குக் கோடும் ஒரு முக்கோணமும் உலகின் எப்பகுதி மட்பாண்டத்திலும் காணப்படுமாதலால், அத்தகைய எளிய வடிவங்களை நீக்கி எண்ணினால் விழுக்காடு என்னாகும்? செய்தி படித்தவர்க்கு இவற்றிற்கு விடை கிடையாது. நூலின் வகைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மீள எண்ணினாலன்றி, அவ்வெண்ணைப் பெருமையாகவோ இகழ்ச்சியாகவோ எடுத்துப் பேசுதல் பொருந்தாது. வகைப்பாடு அச்சில் இருப்பதால் மீள எண்ணுதல் கூடும்; அதனைச் செய்வதற்கு நம் பல்கலைக்கழக மாணவர் முன்வருதல் நன்று.

ஈழத்தவர் அதனைத் தொடங்க ஒரு பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிற் பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றிலிருந்து பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான குழுவினர் ஒரு சிறு முத்திரையைக் கண்டெடுத்தனர். அதன் கீழ்வரி பிராமி எழுத்து. மேல்வரி பிராமியல்லாத குறிகள். இரு வரிகளும் ஒரே செய்தியை இருவகையாகச் சொல்வன எனக் கருதுவோர் உளர். அம்மேல்வரியை 42 அடிப்படைக் குறிகளின் பட்டியலோடு ஒருவரும், மகாதேவனின் 417 குறிகளின் பட்டியலோடு மற்றொருவரும் வைத்து, ஒருவர் செய்வதை மற்றவர் காணாமல், எதனை ஒரு குறியெனக் கொண்டார் என்பதை முதலில் எழுதிவிட்டு எண்ணிப் பார்ப்பராக.